சிலிக்கானின் நடுக்கம்

தஞ்சாவூர்ப் பக்கம் போர்வெல் வைத்திருக்கும் விவசாயிகள் பலர் மோட்டார் போட இப்போது வயலுக்குப் போவதில்லை. மோட்டார் கொட்டகையில் சிம் கார்டு செருகிய மொபைல் ஸ்டார்ட்டர் இருக்கிறது. வீட்டிலிருந்து கைபேசியில் அழைத்தால் போதும். அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஒரு குட்டிக் கணினி. கட்டளை உரியவரிடமிருந்துதான் வந்தது என்று அது எதை வைத்து நம்பும்? அழைக்கும் எண்ணைப் போலியாகக் காட்டிவிடலாம். யாராலும் ஊகிக்க முடியாத ஒரு ரகசிய எண் வேண்டும்.

ஆனால் கணினியோ விதிப்படி நடப்பது. ஒரே தொடக்கம் கொடுத்தால் ஒரே விடைதான் தரும். அப்படியானால் ஊகிக்க முடியாத எண் அதற்குள் எப்படிப் பிறக்கும்?

இந்தக் கேள்வியோடு உழைக்கும் ஒரு குழு தஞ்சை அருகே திருமலைசமுத்திரத்தில், 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அங்கே மின்னணுவியல் கற்பிக்கும் ரெங்கராஜன் அமிர்தராஜன், ஜான் போஸ்கோ பாலகுரு ராயப்பனுடன் சேர்ந்து, படத்துக்குள் செய்தியை ஒளிப்பது பற்றி 2012இல் எழுதிய கட்டுரை 'இன்ஃபர்மேஷன் சயின்சஸ்' இதழில் வந்தது. படப்புள்ளியின் ஒவ்வொரு நிறமும் 8 பிட், அதாவது எட்டு 0, 1 இலக்கங்கள். கடைசி பிட்டை மாற்றினால் 256 படிகளில் ஒரே ஒரு படிதான் நகரும், கண்ணுக்குத் தெரியாது. எந்தப் புள்ளியில் ஒளிப்பது என்ற வரிசைதான் ரகசியம். அந்த வரிசைக்கும் ஊகிக்க முடியாத ஒரு தொடக்க எண் வேண்டும். தேடல் கடைசியில் மின்சுற்றில் வந்து நிற்கிறது.

அங்கே நடப்பது அழகானது. உள்ளே வரும் 0-வை 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் திருப்பும் தர்க்கக் கதவுகளை ஒற்றைப்படை எண்ணிக்கையில் வளையமாக இணைத்தால், சுற்று எந்த நிலையிலும் நிற்காமல் புரண்டுகொண்டே இருக்கும். சிலிக்கானுக்குள் வெப்பத்தால் எலக்ட்ரான்கள் அலைபாய்வதால் ஒவ்வொரு புரளலும் இம்மியளவு முந்தும், பிந்தும். அந்த நடுக்கத்தை அளந்தால் தற்செயலான பிட்டுகள் கிடைக்கும். இதற்குச் சிப் ஆலையும் வேண்டாம். தயாரான பிறகும் உள்ளிணைப்பை மாற்றிக்கொள்ளக்கூடிய எஃப்.பி.ஜி.ஏ. சிப் ஒன்று மேசையில் இருந்தால் ஒரு மாணவரே இதை அமைத்துப் பார்க்கலாம். மற்ற வகுப்புகளில் ஒழிக்கச் சொல்லித் தரும் இரைச்சல் இங்கே மூலப்பொருள். பொறியியல் மாணவர் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது இதைத் தன் கையால் செய்து பார்க்க வேண்டும் என்பேன்.

நடுக்கம் ஒரு பக்கம் சாயலாம். பூவா தலையா போடும் நாணயம் கோணலாக இருப்பது போல. அதற்கு 1951இலேயே கணிதவியலாளர் ஜான் வான் நாய்மன் வழி சொன்னார். பிட்டுகளை இரண்டிரண்டாக எடு. 01 என்றால் 0, 10 என்றால் 1, இரண்டும் ஒன்றாக இருந்தால் தள்ளிவிடு. ஒவ்வொரு பிட்டும் மற்றதைச் சாராதவரை சாய்வு மறைந்துவிடும்.

வெளியிலிருந்து ஒருவர் நடுக்கத்தையே நிறுத்திவிட்டால் இந்த வழி உதவாது. 2009இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மார்க்கெட்டோஸும் மூரும் சிப்புக்குப் போகும் மின்சாரத்தில் ஓர் அதிர்வெண்ணைக் கலந்தார்கள். வளையங்கள் அதற்கு ஏற்பத் தாளம் போடத் தொடங்கின. சுமார் 1.8 லட்சம் கோடி கோடி சாத்தியங்கள் இருக்க வேண்டிய ரகசிய எண், 3,300 சாத்தியங்களுக்குச் சுருங்கியது. அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனம் 2018இல் வெளியிட்ட விதிமுறை, ஓடிவரும் பிட்டுகளைச் சிப் தானே இடைவிடாமல் சோதிக்க வேண்டும் என்கிறது. ஒரே பிட் அளவுக்கு மீறித் தொடர்ந்து வந்தால், நடுக்கம் செத்துவிட்டதென்று அது எச்சரிக்க வேண்டும்.