‘ரைட் ஆஃப்’னா தள்ளுபடி இல்லீங்க!



“யாருகிட்ட காது குத்துறே?” என்று நாம் கேட்டால் கம்மல் போடுவதைப் பற்றியா பேசுகிறோம்? ஏமாத்தப் பார்க்கிறாயா என்று அர்த்தம். ஆங்கிலத்திலும் இப்படி நிறைய உண்டு. ‘ரெட் டேப்’ என்றால் சிவப்பு நாடா. ஆனால் சொல்ல வருவது, அலுவலகத்தில் நம்ம மனு மேசை மேசையாக இழுபடுவதை. கோப்புகளைச் சிவப்பு நாடாவால் கட்டிவைத்த காலத்தில் வந்த பேச்சு. இது தெரியாவிட்டாலும் நமக்கு நட்டமில்லை.

பேங்கில் காதில் விழும் சில சொற்கள் அப்படியில்லை. முக்கியமாக ‘ரைட் ஆஃப்’. “உங்க லோனை ரைட் ஆஃப் பண்ணியாச்சு”ன்னு கேட்டதும், கடன் ஒழிஞ்சதுன்னு சிலர் நிம்மதியா இருந்துடறாங்க. அது தப்பு. ரொம்ப நாளாக வராத கடனை வங்கி தன் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுகிறது, அவ்வளவுதான். வாங்கியவர் கட்டவேண்டிய பொறுப்பு போகாது. வசூலுக்கு ஆள் வரலாம், வழக்கும் போடலாம். ஜாமீன் கையெழுத்துப் போட்டவரையும் கேட்பார்கள். தள்ளுபடிக்கு ஆங்கிலத்தில் ‘வெய்வர்’ என்று பெயர். 2021-இல் கூட்டுறவு நிறுவனங்களில் மகளிர் குழுக்கள் வாங்கியிருந்த கடனுக்குத் தமிழ்நாடு அரசு அறிவித்தது அதுதான். இரண்டும் வேறு வேறு.

‘செட்டில்டு’ இன்னும் மோசம், ஏன்னா அது நல்ல வார்த்தை மாதிரி இருக்கும்! நம்ம பேச்சில் ‘செட்டில் பண்ணிட்டேன்’னா முழுசா கொடுத்தாச்சு. சிபில் அறிக்கையில் அப்படிப் போட்டிருந்தால், முழுத் தொகையும் கட்டாமல் குறைத்துப் பேசி முடித்தார் என்று பொருள். அடுத்த கடன் கேட்கும்போது இடிக்கும். முழுசும் கட்டியவருக்கு ‘குளோஸ்டு’ என்று வரணும். வருடத்துக்கு ஒருமுறை இந்த அறிக்கையை இலவசமாகவே வாங்கிப் பார்க்கலாம்.

‘பிளாங்க் செக்’ என்றால் தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட காசோலை. “உன் இஷ்டம்போல செஞ்சுக்கோ” என்று விட்டுக்கொடுப்பதையும் அப்படிச் சொல்வார்கள். பிரதிநிதி வெளியூர் போகிறார் என்று, பணம் எடுக்கும் சீட்டில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைக்கும் குழுக்கள் உண்டு. அதுவும் பிளாங்க் செக்தான், சகோதரிகளே.

கடைசித் தவணை கட்டியதும் ‘நோ டியூ சர்டிபிகேட்’ கேளுங்க. பாக்கி இல்லை என்ற சான்று அது. “முடிஞ்சிடுச்சும்மா, போங்க” என்றால் கிளம்பிவிடாதீங்க. கிளை முத்திரையோடு எழுத்தில் வாங்கி, தீர்மானப் புத்தகத்தோடு பத்திரமா வையுங்க.