கால் நொடியில் பிரியும் உமி

திருவண்ணாமலைக் கோயிலைச் சுற்றிய தெருக்களில் இன்று அரிசி பெரும்பாலும் கல் நீக்கிய மூட்டையாகத்தான் வீடு வந்து சேர்கிறது. அதே மாவட்டத்தின் ஜவ்வாது மலையில் விளையும் சாமையை உரலில் குத்துகிறவர்களுக்கோ முறம் இல்லாமல் வேலை ஆகாது. சாமை மிகச் சிறிய மணி, உமியும் அதற்கேற்ற சன்னம். சல்லடை மட்டும் போதாது, காற்றும் வேண்டும்.

புடைக்கும்போது தானியம் ஓரடி எழும்பி விழுகிறது. அந்த ஓரடியை இறங்க மணிக்குக் கால் நொடி போதும். உமிக்குப் போதாது. எடை குறைவு, பரப்பு அதிகம் என்பதால் காற்று அதைத் தாங்கிக்கொள்கிறது. மணி முறத்தில் விழுந்த பிறகும் உமி அந்தரத்தில் நிற்கிறது. அந்த நேரம் பார்த்து முறத்தைச் சற்றே பின்னுக்கு இழுத்தால், உமி வாய்க்கு வெளியே விழும். மூன்று பக்கம் விளிம்பும் ஒரு பக்கம் திறப்புமான வடிவம் இதற்காகத்தான்.

கல்லைப் பிரிப்பது வேறு கணக்கு. தண்ணீரோடு ஒப்பிட்டால் அரிசியின் அடர்த்தி ஏறக்குறைய 1.4 மடங்கு, மணல் துகளின் அடர்த்தி ஏறக்குறைய 2.65 மடங்கு. முறத்தைப் பக்கவாட்டில் ஆட்டிக் கொழிக்கும்போது மணிகளுக்கிடையே இடைவெளி திறந்து மூடுகிறது. கனமானதும் பொடியானதும் அதன் வழியே அடிக்கு இறங்குகின்றன. மேலே உள்ள அரிசியை ஒதுக்க ஒதுக்க, கல் கடைசியில் தங்கும். புடைத்தல், கொழித்தல், நாவுதல், தெள்ளுதல், நேம்புதல் என்று தமிழில் இத்தனை சொற்கள் இருப்பது வீண் அலங்காரம் அல்ல. மணிக்கட்டு செய்யும் வேலை ஒவ்வொன்றிலும் வேறு.

ஆரணி அரிசி ஆலைகளிலும் இதே இயற்பியல்தான். உமியை ஊதிப் பிரிக்க ஒரு விசிறி. கல்லுக்குத் தனியாக ஓர் இயந்திரம்: சரிவான தட்டு அதிர, அடியிலிருந்து காற்று வீசும். முறம் ஒன்றே இரண்டையும் செய்துவிடுகிறது. ஆனாலும் ஆலை வந்தது நல்லதே. நாள் முழுக்கப் புடைத்தால் தோள்பட்டை விட்டுப்போகும், தூசி மூச்சில் ஏறும். அந்தப் பாடு பெரும்பாலும் பெண்களுடையதாக இருந்தது.

வீட்டு அளவுக்கு மட்டும் முறம் போதும் என்பவர்கள் மூங்கில் முறமே வாங்குங்கள். வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் குவியல் மொத்தமாகச் சறுக்கும். மூங்கில் பின்னலின் மேடு பள்ளம் அடி அடுக்கைப் பிடித்து நிறுத்தும். புது முறத்தை ஊறவைத்து அரைத்த வெந்தயத்தால் மெழுகி, நன்றாகக் காய வையுங்கள். இடுக்குகள் அடைபட்டால் சாமை ஒரு மணிகூடச் சிந்தாது.