காரிக்குள் ஒளிந்த செவலை

ஸ்காட்லாந்து தேசத்தின் வடகிழக்கு மூலையில், அபர்டீன், ஆங்கஸ் என்னும் இரு பிரதேசங்களில் நெடுங்காலமாக மேய்ந்துவந்த மோழை மாடுகளை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஹியூ வாட்ஸன் முதலிய பண்ணைக்காரர்கள் பொறுக்கிச் சேர்த்துப் பெருக்கியதன் பலனாகவே, இன்று இறைச்சிக்காக உலகெங்கும் வளர்க்கப்படும் ஆங்கஸ் ஜாதி உருவாயிற்று. வாட்ஸனுக்குக் காரி நிறத்தின்மேல் ஒரு மோகம். அவர் எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்தும், கறுத்த பசுவுக்கும் கறுத்த பொலிகாளைக்கும் செக்கச் செவேலென்று கன்று பிறப்பது இந்த ஜாதியில் நின்றபாடில்லை.

இதில் விபரீதம் ஒன்றுமில்லை. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என நிறத்துக்குரிய மரபணுவைக் கன்று இரண்டு பிரதிகளாகப் பெறுகிறது. அவற்றில் ஒன்று கறுப்பாக இருந்தாலே உடல் முழுவதும் கறுத்துவிடும். சிவப்போ, இரண்டும் சிவப்பாக வாய்த்தாலன்றி வெளியே தலைகாட்டாது. ஆகவே சிவப்பை மறைவாகச் சுமக்கும் இரு காரிகள் இணைந்தால் பிறக்கும் கன்றுகளில் சராசரியாக நான்கில் ஒன்று செவலையாகும். இரு செவலைகள் இணைந்தாலோ செவலையைத் தவிர வேறு பிறவாது. அந்த மரபணுவில் ஒரேயோர் எழுத்து விடுபட்டுப்போனதுதான் இச்சிவப்பின் மூலகாரணம். இந்த நிறத்தை வைத்து மாட்டின் மற்றக் குணங்களை எடைபோட முடியாது: கொம்பில்லாமையை நிர்ணயிக்கும் மரபணு வேறொரு குரோமோசோமில் இருக்கிறது. சதைப்பற்றோ பல மரபணுக்களின் கூட்டு வேலை.

1873-இல் ஜார்ஜ் கிராண்ட் என்பவர் நான்கு ஆங்கஸ் காளைகளை அமெரிக்காவின் கான்ஸாஸ் சமவெளிக்குக் கொண்டுபோனார். அங்கே இந்த ஜாதி செழித்தது. நிறாபிமானமும் கூடவே செழித்தது. 1917-இல் அமெரிக்க ஆங்கஸ் சங்கம் செவலைகளை வம்சப் பதிவேட்டில் சேர்ப்பதில்லை என்று கதவைச் சாத்தியது. பதிவேட்டிலிருந்து விலக்கலாம், இரத்தத்திலிருந்து விலக்குவது அவ்வளவு சுலபமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மந்தையின் நிற மரபணுக்களில் பத்தில் ஒன்று சிவப்பு என்றால், நூற்றில் ஒரு கன்றுதான் செவலையாகப் பிறக்கும். ஆனால் அதே நூற்றில் பதினெட்டு, பார்வைக்குப் பரிசுத்தமான காரிகளாகவே இருந்துகொண்டு சிவப்பைச் சுமந்து திரியும். அக்காலத்தில் ஒரு காளையைச் சோதிக்க வேண்டுமானால் செவலைப் பசுக்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏழு கன்றுகளும் கறுப்பாகவே பிறந்தாலும், சுமக்கும் காளை அகப்படாமல் தப்புவதற்கு 128-இல் ஒரு பங்கு வாய்ப்பு மிஞ்சும்! கண்ணுக்கு முன் நிற்கும் செவலையைக் கழித்துக் குலத்தைச் சுத்திகரித்துவிட்டதாகத் திருப்தியடைந்த அந்தப் பெரிய மனிதர்களின் நம்பிக்கையை நினைத்தால் புன்னகையே வருகிறது.

கழித்துக் கட்டப்பட்ட செவலைகளைச் சில பண்ணைக்காரர்கள் சேகரித்து, 1954-இல் தமக்கென்று தனிச் சங்கம் அமைத்துக்கொண்டனர். நிறத்தைவிட நிறுவைக்கு மதிப்புத் தந்து, பால்மறக்கும் பருவத்தில் கன்றின் எடையைக் குறித்தனுப்புவதை ஆரம்பத்திலேயே நிபந்தனையாக்கினர். கறுப்புக்கு நஷ்டமும் உண்டு: கோடை வெயிலைக் கருந்தோல் அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறது.

சந்தையோ வேறு வழியில் போயிற்று. 1978-இல் தோன்றிய ஆங்கஸ் இறைச்சி முத்திரைக்கு மாட்டின் தோல் பெரும்பகுதி கறுப்பாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கறுப்புக்கு விலை ஏறவே, ஸ்விட்ஸர்லாந்தில் சிவப்பும் வெள்ளையுமாகத் திரிந்த சிம்மென்டால் மாட்டின் அமெரிக்கச் சந்ததிகள், ஆங்கஸ் கலப்பினால் இப்போது பெரும்பாலும் கறுப்பாகவே பிறக்கின்றன.