கண்ணாடியிழைப் படகின் கீறலும் அதனைச் செப்பனிடும் முறையும்

பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று உளது. செங்கல்லால் அமைந்த அதனைக் காண்பார், நெல்லுக்குப் பெரும்பகை ஈரமே என்பதனை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர் என உணர்வர். சுவரின் மேற்பூச்சு ஒரு சாண் பெயரின், உள்ளே நனைவது ஒரு முழம் ஆகும். வயல் நாட்டார் அறிந்த இவ்வுண்மை, நம் காவிரி சென்று கலக்கும் கடற்கரையில் மீனவர் செலுத்தும் கண்ணாடியிழைப் படகிற்கும் பொருந்தும். அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

சோழமண்டலக் கரையில் நெடுங்காலம் வழங்கியது கட்டுமரம். கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து மரங்களை உலர்த்துவது மீனவர் வழக்கம். 1979-இல் தொடங்கிய வங்கக்கடல் திட்டத்தார் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, அலைக்கரையில் ஏற்றி இறக்கத்தக்க புதிய படகுகளை ஆராய்ந்தனர். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கரையைத் தாக்கியபின், கட்டுமரம் இழந்தோர் பலருக்குக் கண்ணாடியிழைப் படகே கிடைத்தது. அதனைக் கட்டவிழ்த்து உலர்த்துதல் இயலாது. மணலிலும் கல்லிலும் நாடோறும் இழுபடுதலால் அதன் அடியிற் கீறல் விழுதலோ உறுதி.

இப்படகின் உடல் இருவகைப் பகுதியுடையது. உள்ளே இருப்பது ரெசினில் தோய்ந்த கண்ணாடியிழை அடுக்கு. அதுவே வலிமை தருவது. புறத்தே இருப்பது ஜெல்கோட் என்னும் வண்ணப்பூச்சு. ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனமே உடையதாயினும், நீரைத் தடுப்பது அதுவே. ஆதலின் கீறல் எவ்வளவு நீளம் என்று கேட்பதனினும் எவ்வளவு ஆழம் என்று கேட்பதே அறிவுடைமை. நகத்தால் வருடுக, நகம் சிக்காதாயின் மெருகிட்டாற் போதும். வெண்ணிற இழை தோன்றுமாயின், நீர் இழைவழியே உள்ளூரத் தொடங்கியிருத்தல் கூடும். சுற்றிலும் சிறு சுத்தியலால் தட்டுக. கணீரென ஒலிப்பது நலம், மங்கி ஒலிப்பது அடுக்கு பிரிந்தமைக்கு அறிகுறி.

இழை தோன்றிய இடத்தை முதலில் நன்னீராற் கழுவுதல் வேண்டும். உப்பு எஞ்சின் ஈரத்தை விடாது. பின்னர்ப் பல நாள் வெயிலில் உலர்த்துக. பாலிதீன் தாளொன்றை அவ்விடத்தின்மேல் விளிம்பு காற்றுப்புகாமல் ஒட்டி வெயிலில் வைத்துப் பார்க்க. தாளின் உட்புறம் நீர்த்துளி அரும்புமாயின் இன்னும் உலரவில்லை என்பது தெளிவு.

உலர்ந்தபின் அசிட்டோனால் துடைத்து, கீறலின் ஓரங்களை உப்புத்தாளால் சரிவாகத் தேய்க்க வேண்டும். இழையடுக்கு அறுந்திருப்பின், அச்சரிவு படகுச்சுவரின் கனத்தைப்போல் 12 மடங்கு அகலம் இருத்தல் நன்று; 5 மில்லிமீட்டர் சுவருக்கு 6 சென்டிமீட்டர் ஆகும். அதன்மேல் ரெசின் தோய்த்த இழைப்பாயைப் படிப்படியாக இட்டு, காற்றுக்குமிழி நீங்க உருளையால் அழுத்துக. 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம் வரை இறுக்கிமருந்து சேர்ப்பது பொதுவழக்கு. கோடையில் விரைந்து இறுகுமாதலின் சிறிது சிறிதாகவே கலத்தல் வேண்டும். இம்மருந்து கண்ணிற் படின் பார்வையைக் கெடுக்கும். கோபால்ட் என்னும் முடுக்கியோடு நேரே கலப்பின் வெடிக்கும். கண்ணாடியும் கையுறையும் இன்றி இதனைத் தொடற்க.

இறுதியில் ஜெல்கோட்டைச் சற்றே மேடாகப் பூசுக. இறுகுங்கால் அது சுருங்கும். காற்றுப்பட்டால் அதன் மேற்பரப்பு பிசுபிசுப்பு மாறாதாகலின், பாலிதீன் தாளால் மூடிவைத்தல் வேண்டும். இறுகியபின் 220, 400, 600 எண்ணுள்ள தாள்களால் முறையே நீர்விட்டுத் தேய்த்து மெருகிடுக.

வேலை முழுமையும் இதுவே. ஆயினும் பலர் தவறுவது பூசுவதில் அன்று, உலர்த்துவதில். ஒரு நாள் தொழில் நின்றால் ஒரு நாள் உணவு குறையும் வீட்டில், ஈரம் உள்ளிருக்கவே மேலே வண்ணம் ஏறிவிடுகின்றது. உள்ளே சிறைப்பட்ட நீரோ ஒட்டைப் பற்றவிடாது; அடுக்கைப் பிரிக்கும்; கரை காணாத் தொலைவில் அப்படகு கைவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் படகைக் கவிழ்த்துச் சில நாள் காத்திருப்பது சோம்பல் ஆகாது. ஐப்பசி, கார்த்திகைப் புயற்காலத்தில் அதன்மேல் ஏறிச் செல்வோரது உயிர்க்காப்பு அதுவே.