ரோஜா இலையைத் தின்பது யார்? முதலில் ஆளைக் கண்டுபிடியுங்கள்

வெள்ளிக்கிழமை பூஜைக்கு நாலு ரோஜா பறிக்கலாம் என்று வாசலுக்குப் போனால், நேற்று வரை பசுமையாக இருந்த செடி சல்லடை போல நிற்கிறது. புழுவைத் தேடினால் ஒன்றும் கண்ணில் படுவதில்லை. உடனே பலரும் செய்வது, கையில் கிடைத்த மருந்தைக் கலந்து அடிப்பதுதான். ஆனால் இலையைத் தின்னும் எல்லாப் பூச்சிக்கும் ஒரே மருந்து கேட்காது. கடித்த அடையாளத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

அடையாளம் சொல்லும் கதை

இலையின் பச்சை மட்டும் சுரண்டப்பட்டு, நரம்பு வலை போலத் தெரிந்தால் அது பெரும்பாலும் இளம் புழுக்களின் வேலை. வெட்டுப்புழுவின் தாய் அந்துப்பூச்சி இலையின் அடியில் முட்டைகளைக் கும்பலாக இட்டு, பழுப்பு நிற ரோமத்தால் மூடி வைக்கும். பொரித்த குஞ்சுப் புழுக்கள் கூட்டமாக ஒரே இலையைச் சுரண்டும். வளர்ந்தபின் பகலில் செடியின் அடியிலும் மண்ணிலும் ஒளிந்து, இரவில் ஏறித் தின்னும். பகலில் தேடிக் கிடைக்காததற்கு இதுதான் காரணம்.

காய்ந்த இலைத் துணுக்குகளால் ஆன சின்னப் பை இலையில் தொங்குகிறதா? உள்ளே இருப்பது பைப்புழு. செம்பனைத் தோட்டங்களில் 'உலாட் புங்குஸ்' என்று சொன்னால் தெரியாதவர் இல்லை. அந்த வகைப் புழுக்கள் ரோஜாவையும் விட்டு வைப்பதில்லை.

நரம்புகளுக்கு இடையே ஓட்டை ஓட்டையாக இருந்து, புழுவும் இல்லை, எச்சமும் இல்லை என்றால் இரவில் வரும் பழுப்பு நிற வண்டைச் சந்தேகிக்கலாம். இலை ஓரத்தில் கத்தரிக்கோலால் வெட்டியது போல வட்டமாகத் துண்டு போயிருந்தால் அது இலைவெட்டித் தேனீ. கூடு கட்டத்தான் இலையை எடுக்கிறது. செடிக்குப் பெரிய கேடு இல்லை. மகரந்தச் சேர்க்கைக்கு உதவும் அதைக் கொல்ல வேண்டாம்.

இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச் லைட்டுடன் ஒருமுறை செடியைப் பாருங்கள். ஆள் கையோடு பிடிபடும்.

மருந்துக்கு முன் கை

நாலைந்து செடிதான் என்றால் கையால் பொறுக்குவதை விடச் சிறந்த வழி இல்லை. முட்டைக் கும்பலும் குஞ்சுகளும் உள்ள இலையை அப்படியே கிள்ளி, சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். பைகளையும் அதேபோல் பறித்துவிடலாம். கையுறை அவசியம். முள்ளும் ரோமமும் உள்ள புழு பட்டால் தோல் எரியும். பட்ட இடத்தைத் தேய்க்காமல், ஒட்டும் டேப்பை ஒட்டி எடுத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

புழு அதிகமாக இருந்தால் 'பிடி' எனப்படும் பாக்டீரியா மருந்து உதவும். செம்பனைத் தோட்டங்களில் பைப்புழுவுக்கு அடிப்பதும் இதுதான். புழு இலையோடு தின்றால்தான் வேலை செய்யும். எனவே இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். வெயில் இதன் வீரியத்தைக் குறைக்கும் என்பதால் மாலையில் அடிப்பது நல்லது. தின்ற புழு சீக்கிரமே தின்பதை நிறுத்தி, சில நாளில் சாகும். சின்னப் புழுவுக்குத்தான் நன்றாகக் கேட்கும். இந்தப் புழு மருந்து வண்டுக்குக் கேட்காது. பக்கத்துக் கறிவேப்பிலையில் உள்ள வண்ணத்துப்பூச்சிப் புழுவையும் கொல்லும் என்பதால் ரோஜாவுக்கு மட்டும் அடியுங்கள்.

வேப்பெண்ணெயும் பயன்படும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெய், சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து நன்றாகக் குலுக்கி, முதலில் ஒரே ஒரு இலையில் அடித்துப் பாருங்கள். மறுநாள் இலை கருகாவிட்டால் மாலையில் செடி முழுவதும் அடிக்கலாம். மழை பெய்து கழுவிவிட்டால் மறுபடியும் அடிக்க வேண்டும்.

தோட்டத்து மருந்து வீட்டுக்கு வேண்டாம்

தோட்டத்தில் மிஞ்சிய மருந்தை மினரல் வாட்டர் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டு வரும் பழக்கம் உயிருக்கே ஆபத்து. பிள்ளைகள் தண்ணீர் என்று நினைத்துக் குடித்துவிடலாம். லேபிள் இல்லாத போத்தலில் என்ன மருந்து, எவ்வளவு கலப்பது என்று யாருக்கும் தெரியாது. ரோஜாவை முகர்கிறோம், தலையில் சூடுகிறோம், சாமிக்குப் போடுகிறோம். அதன் பக்கத்திலேயே சமையலுக்குக் கறிவேப்பிலை பறிக்கிறோம். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மருந்துப் போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இலையெல்லாம் போய்விட்டதே என்று செடியைப் பிடுங்க வேண்டியதில்லை. தண்டு பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. கருகிய நுனியை வெட்டி, கொஞ்சம் உரமிட்டு, வேர் அழுகாதபடி தண்ணீர் விட்டால் சில வாரங்களில் துளிர்க்கும். அந்தத் துளிர் இலையைத்தான் புழு முதலில் தேடி வரும். வாரம் இரண்டு முறை இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் இருந்தால், அடுத்த முறை மருந்தே தேவைப்படாமல் போகலாம்.