பாங்கிக் குமாஸ்தாவின் கொட்டாவி

பாங்கியில் உத்தியோகம் கிடைத்துவிட்டால் நம் குடும்பங்களில் அண்டை அயலாருக்குச் சர்க்கரை வழங்குவது வழக்கம். அவ்வளவு பாக்கியசாலியான பிள்ளையாண்டான் இரண்டே வருஷத்தில் கடிகாரத்தைப் பார்த்துக் கொட்டாவி விடுகிறானே, அது ஏன்?

வேலை குறைவு என்பது காரணமன்று. மிகுதி என்பதுங்கூட அன்று. 2016-ம் வருஷம் நவம்பர் 8-ந் தேதி இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுக்கள் செல்லா என்று அறிவித்தார்கள். அடுத்து வந்த வாரங்களில் பாங்கி ஊழியர்கள் வெகுநேரம் விழித்திருந்து நோட்டு எண்ணினார்கள். ஜனங்களின் வசவையும் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அப்போது அவர்களை வாட்டியது களைப்பு. களைப்புக்குத் தூக்கம் மருந்து. சலிப்போ தூங்கி எழுந்த பிறகும் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும்.

முன்னாளில் பற்று வரவைப் பேரேட்டில் கையால் பதிவார்கள். மாலையில் கணக்கு நேராகாவிட்டால் வீடு திரும்ப முடியாது. அது இன்பமான வேலை என்று நாம் சொல்லவில்லை. பக்கம் பக்கமாய் வட்டி போட்டவர்கள் நம்மை அடிக்க வந்துவிடுவார்கள்! ஆயினும் தொலைந்த பைசா அகப்பட்டபோது, "கண்டுபிடித்தவன் நான்" என்ற திருப்தி ஒன்று இருந்தது.

கம்ப்யூட்டர் வந்து கூட்டலையும் வட்டியையும் ஏற்றுக்கொண்டது. நல்லதே. ஆனால் ஆளை எடைபோடும் காரியமும் கூடவே போயிற்று. இன்ன நெசவாளி நாணயஸ்தர் என்று மானேஜருக்குத் தெரிந்திருக்கலாம். திரையிலோ 300 முதல் 900 வரையுள்ள 'சிபில்' மதிப்பெண்தான் பேசுகிறது. ஊழியருக்கு மிஞ்சியது என்ன? இந்த மாதம் இத்தனை இன்ஷூரன்ஸ் பாலிஸி விற்கவேண்டும் என்ற இலக்கு. பென்ஷன் வாங்க வந்த பாட்டியிடம், தமக்கே நம்பிக்கையில்லாத பாலிஸியைப் புகழ்ந்து பேச நேர்ந்தால் மனம் வேலையில் எப்படி ஒட்டும்?

"இது அவர்கள் கஷ்டம், நமக்கென்ன?" என்று நேயர்கள் கேட்கலாம். போலீஸ் அதிகாரி போலத் தொலைபேசியில் மிரட்டி, 'டிஜிட்டல் கைது' என்று வயோதிகர்களின் ஆயுட்காலச் சேமிப்பைப் பறிக்கும் மோசடி சமீப வருஷங்களில் பரவியிருக்கிறது. நடுங்கும் கையோடு வந்து, உள்ள பணம் முழுவதையும் முன்பின் அறியாத கணக்குக்கு மாற்றச் சொல்பவரிடம், "ஏன் ஐயா, யாருக்கு அனுப்புகிறீர்கள்?" என்று கேட்டு நஷ்டத்தைத் தடுத்த ஊழியர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். முகத்தை நிமிர்ந்து பார்த்தவர்தானே அப்படிக் கேட்டிருக்க முடியும்? மாத இலக்கில் அந்தக் கேள்விக்கு எத்தனை மார்க்கு போடுவார்களோ!