ஓ.எம்.ஆர். யாருடைய சாலை?

ஓ.எம்.ஆர். என்றால் ஆட்டோக்காரருக்குத் தெரியும். ராஜீவ் காந்தி சாலை என்றால் கூரியர் பையனுக்குத் தெரியும். ‘மாநில நெடுஞ்சாலை 49ஏ’ என்றால், அந்தச் சாலையோரம் பத்து வருடமாகக் குடியிருப்பவரே விழிப்பார். ஆனால் புகார் மனுவிலும் தகவல் உரிமை விண்ணப்பத்திலும் வேலை செய்வது இந்த மூன்றாவது பெயர்தான்.

அடையாறு மத்திய கைலாஷ் கோயில் முனையில் தொடங்குகிறது இந்தச் சாலை. தரமணி, கந்தன்சாவடி, பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி, நாவலூர், சிறுசேரி, படூர், கேளம்பாக்கம், திருப்போரூர், ஆலத்தூர் என்று தெற்கே இறங்கி, மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரிப் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையோடு கலக்கிறது. மொத்தம் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். கிழக்கே பக்கிங்காம் கால்வாய் பெரும்பாலும் கூடவே வருகிறது. சரக்குப் படகுகள் ஓடிய அந்த நீர்வழி சாக்கடையாகிப் போனதும், பக்கத்திலிருந்த கிராமத்துச் சாலை மென்பொருள் நிறுவனங்களின் முகவரியானதும் தனிக்கதை. கடலோரமாகப் புதுச்சாலை வந்த பிறகுதான் இது ‘பழைய’ மகாபலிபுரம் சாலை ஆனது. அதற்கு முன் அது வெறும் மகாபலிபுரம் ரோடு.

2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. 2008இல் மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை சுமார் 20 கிலோமீட்டர் ஆறுவழிச் சாலையானது; சுங்கச்சாவடிகளும் முளைத்தன. இந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம் ஒரு துணை நிறுவனத்தை வைத்தது. கட்டணம் வாங்கியவரையில் ஒரு வசதி இருந்தது: ரோடு சரியில்லை என்றால் யாரிடம் சண்டை போடுவது என்று தெரியும். மெட்ரோ பணியைக் காரணம் காட்டி 2021 ஆகஸ்டு 30 முதல் நான்கு சாவடிகளில் வசூல் நின்றது. எஞ்சியிருந்த நாவலூர் சாவடியும் 2023 அக்டோபரில் மூடப்பட்டது. மக்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் சில்லறை நீட்டிய கையோடு, கேள்வி கேட்ட வாயும் ஓய்ந்துவிட்டது.

இன்று இந்த ஒரே சாலையில் எத்தனை பேர் கை வைக்கிறார்கள்! நடுவில் மெட்ரோவின் மாதவரம் – சிப்காட் வழித்தடம். அடியில் குடிநீர் வாரியத்தின் குழாய்கள். ஓரத்தில் மின்வாரியக் கேபிள். தெருவிளக்கும் குப்பையும் வடக்கே சென்னை மாநகராட்சியின் பொறுப்பு. 2011இல் பெருங்குடி, சோழிங்கநல்லூர் பகுதிகள் மாநகராட்சிக்குள் வந்தன. செம்மஞ்சேரி எல்லையைத் தாண்டினால் மாவட்டமே மாறி, செங்கல்பட்டு ஆகிவிடும். அங்கே ஊராட்சிகளும் பேரூராட்சியும். காவல்துறையிலும் இப்படித்தான்: 2022இல் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் பிறந்தபோது சாலையின் வடமுனை சென்னையிடம் நிற்க, செம்மஞ்சேரி தாம்பரத்திடம் போனது.

2025 மே மாதம் டைடல் பார்க் அருகே சாலை திடீரென உள்வாங்கி, ஓடிக்கொண்டிருந்த கார் ஒன்று பள்ளத்தில் இறங்கியது. உள்ளே இருந்தவர்கள் உயிர் பிழைத்தார்கள். அடுத்த கணமே எழுந்த கேள்வி, மெட்ரோ சுரங்கமா, கழிவுநீர்க் குழாயா என்பதுதான். பல கைகள் தோண்டும் சாலையில் பள்ளம் விழுந்தால் முதலில் காணாமல் போவது பொறுப்பு.

அதைக் கண்டுபிடிக்கப் பத்து ரூபாய் போதும். தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளர் அலுவலகத்துக்கு ஒரு மனு. ‘சாலை மோசமாக இருக்கிறதே ஏன்?’ என்று கேட்டால் பதில் வராது. அது தகவல் அல்ல, ஆதங்கம். ‘மாநில நெடுஞ்சாலை 49ஏயில் இந்தப் பேருந்து நிறுத்தத்திலிருந்து அந்தச் சிக்னல் வரை கடைசியாகத் தார் போட்டது எப்போது, ஒப்பந்ததாரர் யார், குறைபாடுகளை அவர் செலவிலேயே சரிசெய்ய வேண்டிய காலம் எதுவரை, இப்போது அந்தப் பகுதியின் பராமரிப்பு எந்தத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது, ஒப்படைத்த கடிதத்தின் நகல்’ என்று கேட்க வேண்டும். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். மனு தவறான துறைக்குப் போனாலும், சரியான துறைக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை. அந்த ஒப்படைப்புக் கடிதத்தின் நகல் ஒன்று கையில் இருந்தால், ‘அது எங்க ரோடு இல்ல சார்’ என்ற பதில் அதோடு முடிந்தது.

அன்றாடக் குழிகளுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டாம். நெடுஞ்சாலைத் துறையின் ‘நம்ம சாலை’ செயலியில் படம் எடுத்து ஏற்றலாம். மாநகராட்சி எல்லைக்குள் விளக்கு, குப்பை, மழைநீர் வடிகால் என்றால் 1913. எதற்கும் அசையாவிட்டால் முதல்வர் உதவி மையம் 1100. எங்கே புகார் தந்தாலும் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் விபத்து ஏதும் நடந்தால், ‘எங்களுக்கு முன்பே தெரியாது’ என்று அதிகாரிகள் சொல்ல முடியாமல் செய்வது அந்த எண்தான்.

மாலை ஆறு மணிக்குக் கண்ணகி நகர்ப் பக்கம் நின்று பார்த்தால் இந்தச் சாலையின் இன்னொரு முகம் தெரியும். அடுக்ககங்களில் வீட்டுவேலை முடித்துத் திரும்பும் பெண்கள், ஒரு கையில் பை, மறுகையில் பிள்ளை, நடுத்தடுப்பில் யாரோ பெயர்த்து வைத்த இடைவெளி வழியாகக் குனிந்து வருகிறார்கள். நடைமேம்பாலம் இருக்கும் தூரத்தைப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்ல மனம் வராது. ஆறுவழிச் சாலை காருக்கு வழி. குறுக்கே போகிறவருக்கு அது சுவர். நகரத்துக்குள்ளிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே குடியமர்த்தப்பட்டவர்களுக்கு அந்தச் சுவரை நாளுக்கு இரண்டு முறை ஏறியிறங்க வேண்டியிருக்கிறது.

நடைபாதை என்பது சலுகை அல்ல. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையில்லாத நடைபாதை அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொன்னது. அந்த வழக்கைத் தொடுத்தவர் கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் எஸ்.ராஜசேகரன். ஒடிந்த எலும்புகளை ஒட்டவைத்தே களைத்துப் போனவர் 2012இல் நீதிமன்றப் படியேறியதன் பலன், இன்றும் உத்தரவுகளாக வந்துகொண்டிருக்கிறது.

விபத்து நடந்துவிட்டால்? அடிபட்டவரைத் தூக்கப் பலர் தயங்குவது போலீஸுக்கும் கோர்ட்டுக்கும் பயந்துதான். அந்தப் பயத்துக்கு இப்போது சட்டத்தில் இடமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவும் 2020இல் வந்த விதிகளும் உதவிக்கு வருபவரைக் காக்கின்றன. பெயர், முகவரி தரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. விருப்பம் இல்லாதவரைச் சாட்சியாக்க முடியாது. மருத்துவமனை அவரை நிறுத்திவைக்கவோ பணம் கட்டச் சொல்லவோ கூடாது.

சிகிச்சைச் செலவுக்கு இரண்டு வழிகள் உண்டு. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், இந்த மாநில எல்லைக்குள் விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்கும் இது பொருந்தும். ஒன்றிய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டமோ, விபத்து நாளிலிருந்து ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை தருகிறது. காப்பீட்டு அட்டை கையில் இல்லை என்று யாரும் பதற வேண்டியதில்லை. 108ஐ அழைத்தால் போதும்.

அடுத்தது காவல் நிலையம். ‘இது எங்கள் எல்லை அல்ல’ என்று திருப்பி அனுப்புவது இந்தச் சாலையில் எளிது, எல்லைகள் அப்படிப் பின்னிக் கிடக்கின்றன. எந்த நிலையமும் புகாரைப் பதிந்து உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும் என்பது சட்டம், ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ என்று கேட்டால் புரியும். விசாரணை அதிகாரி 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையை விபத்துக் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். பாதிக்கப்பட்டவரின் உரிமைகள் என்னென்ன என்று விளக்கும் ‘படிவம் 2’ஐப் பத்து நாளுக்குள் குடும்பத்துக்குத் தர வேண்டும். இந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கியவர்கள் அபூர்வம். கேட்காமல் தருபவர்கள் அதைவிட அபூர்வம்.

இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டாலும் இழப்பீடு இல்லாமல் போகாது. 2022 ஏப்ரல் முதல் இறப்புக்கு இரண்டு லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். மனுவை வட்டாட்சியர் அல்லது கோட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். வண்டி தெரிந்திருந்தால் விபத்துக் கோரிக்கைத் தீர்ப்பாயம். விபத்து நடந்த ஊரிலேயே வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. விழுப்புரத்திலிருந்து சிறுசேரிக்கு வேலைக்கு வந்த இளைஞரின் குடும்பம் விழுப்புரத்திலேயே போடலாம்.

வண்டியே காரணம் இல்லை, குழிதான் காரணம் என்றால் வழி கொஞ்சம் கரடுமுரடு. சாலையை வடிவமைத்தவரோ பராமரிப்பவரோ தரத்தைக் கடைப்பிடிக்காமல் உயிர் போனால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு. கோடிக்கணக்கில் ஒப்பந்தம் எடுப்பவருக்கு ஒரு லட்சம் என்பது டீச்செலவு. அந்தத் தொகையும் குடும்பத்துக்கு வராது. குடும்பத்துக்கு இழப்பீடு வேண்டுமானால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் வழி. அது கிடைக்கும் என்பதற்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 2019 செப்டம்பரில், துரைப்பாக்கத்திலிருந்து பல்லாவரம் போகும் ரேடியல் சாலையில், சட்டவிரோதமாக வைத்த பேனர் மேலே விழுந்து, பின்னால் வந்த லாரி ஏறி, 23 வயது மென்பொருள் பொறியாளர் இறந்தார். சென்னை உயர் நீதிமன்றம் உடனே ஐந்து லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர அரசுக்கு உத்தரவிட்டது. வக்கீலுக்கு வசதி இல்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவியைக் கேட்கலாம்.

சாலையை அகலப்படுத்த நிலம் கேட்டு நோட்டீஸ் வருகிறவர்களுக்கும் ஒரு சொல். மாநில நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பது தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் 2001இன் கீழ். அந்த வழியில் நிலமெடுப்பது செல்லாது என்று 2019 ஜூலையில் உயர் நீதிமன்றம் சொன்னது. அரசு புதுச்சட்டம் போட்டு உயிர்கொடுத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆகவே ‘எடுக்கவே கூடாது’ என்ற வாதம் இப்போது கடினம். எவ்வளவு தருகிறார்கள் என்பதில்தான் சண்டை. மத்திய அரசின் 2013 நிலமெடுப்புச் சட்டப்படி சந்தை மதிப்பும் அதற்கு ஈடான ஆறுதல் தொகையும் உண்டு. தொகை குறைவென்று தோன்றினால், நீதிமன்றத்தின் முடிவுக்கு விடும்படி கேட்கலாம். நோட்டீஸை வாங்க மறுத்துக் கதவைச் சாத்துவதால் நிலம் தப்பாது; ஆட்சேபம் சொல்லும் வாய்ப்புதான் போகும்.

கடைசியாக, மீண்டும் விபத்துக்கே வருவோம். விபத்து இழப்பீட்டுக்குச் சட்டம் வைத்திருக்கும் கெடு ஆறு மாதம். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போயிருக்கிறது. ஆனாலும் ஆறு மாதத்தை எல்லையாக நினைத்துக்கொண்டு, காரியம் முடிந்த கையோடு படிவம் 2ஐக் கேட்டுக் காவல் நிலையம் போய்விடுங்கள்.